மறுத்துப் பேச ஓர் ஆள்

தத்துவத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒருவரிடம் உங்களுக்கு என்ன குறை என்று கேட்டால், உதவித்தொகை வரவில்லை, நூலகத்தில் புத்தகம் இல்லை, நெறியாளருக்கு நேரமில்லை என்று வரிசையாகச் சொல்வார். எல்லாம் உண்மைதான். அவர் சொல்லாமல் விடுகிற குறை ஒன்றும் உண்டு. அவர் எழுதுவதை மறுத்துப் பேச ஆளில்லை. வேதியியல் ஆய்வாளரின் ஊகம் தவறு என்றால் ஆய்வுக்கூடமே காட்டிக் கொடுத்துவிடும். வரலாற்று ஆய்வாளரை ஒரு கல்வெட்டு வாயடைக்கச் செய்யும். தத்துவ ஆய்வாளருக்கு அப்படி வெளியிலிருந்து தடை சொல்ல எதுவும் இல்லை. நாலாம் பக்கத்தில் சொன்னது பதினாலாம் பக்கத்தில் உடைகிறது என்று சொல்ல இன்னொரு மனிதர்தான் வர வேண்டும்.

அந்த மனிதர் எங்கே கிடைப்பார்? தமிழ்நாட்டில் தத்துவத்துக்கென்று முறையான துறை நடத்தும் நிறுவனங்கள் குறைவு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராதாகிருஷ்ணன் உயராய்வு நிறுவனம், தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மயிலாப்பூரில் விவேகானந்தா கல்லூரி, சத்திய நிலையம், ஐஐடியின் மனிதப்பண்பியல்-சமூக அறிவியல் துறை என்று சொல்லிக்கொண்டு போனால் பெரும்பகுதி சென்னைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பகுதி நேரமாகப் பதிவு செய்து, எங்கோ ஒரு கல்லூரியில் வேறு பாடம் நடத்திக்கொண்டு, இரவில் ஆய்வேடு எழுதுகிறவர் தம் ஊரில் தம் தலைப்பைப் புரிந்துகொள்ளக்கூடிய இரண்டாவது ஆளைப் பார்ப்பது அரிது. ஒரே நெறியாளரின் கீழ் இருக்கும் ஆய்வாளர்களுக்குள்ளும் ஒருவர் காந்தியைப் பற்றி எழுதுவார், மற்றவர் விட்கென்ஸ்டைனைப் பற்றி, இன்னொருவர் சைவ சித்தாந்தத்தில் மலங்களைப் பற்றி. ஒருவர் எழுதியதை அடுத்தவர் படிப்பதில்லை.

கல்வியில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் கணக்காகவே சொல்லிவிட்டார். ஆசிரியர் சொன்னதை முழுதாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது மீதி அரை. இன்றைய முனைவர் பட்ட ஏற்பாட்டில் முதல் கால் பங்குக்கு நெறியாளர் இருக்கிறார். மற்ற முக்கால் பங்குக்கு ஏற்பாடே இல்லை. பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் ஆய்வாளர் தம் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகள் கேட்கின்றன. நம் ஊரில் ‘டி.சி. மீட்டிங்’ என்று சொல்லப்படும் அந்தச் சடங்கு பெரும்பாலும் அரை மணி நேரத்தில் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது.

இந்த முக்கால் பங்கை இணையவழிக் கருத்தரங்கம் தர முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதுவரை அதை நாம் பயன்படுத்தியிருக்கும் விதம்தான் வேதனை தருகிறது.

எதிரெதிரே உட்காராமல் தத்துவம் பேச முடியுமா என்ற ஐயம் உள்ளவர்கள் 1643-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். பொஹீமியாவின் இளவரசி எலிசபெத் அப்போது நாடிழந்த குடும்பத்தோடு ஹேக் நகரில் இருந்தார். வயது 24. பெண் என்பதால் பல்கலைக்கழகக் கதவு அவருக்குத் திறக்காது. நெதர்லாந்தின் வேறோர் ஊரில் இருந்த தத்துவ அறிஞர் தெக்கார்த்துக்கு அந்த ஆண்டு மே மாதம் ஒரு கடிதம் எழுதினார். உயிர் என்பது நினைக்கும் பொருள் மட்டுமே, அதற்கு நீள அகலம் எதுவும் கிடையாது என்கிறீர்களே, அப்படியானால் அது உடம்பை எப்படி அசைக்கிறது? தெக்கார்த் பதில் எழுதினார், கனம் என்பது ஒரு பொருளைக் கீழே இழுப்பதை உவமையாகக் காட்டினார். எலிசபெத் விடவில்லை. அந்த விளக்கம் தமக்குப் போதவில்லை என்று அடுத்த கடிதத்திலேயே எழுதினார். தெக்கார்த்தின் கடைசி ஆண்டுகள் வரை அந்தக் கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. 1649-இல் வெளிவந்த உணர்ச்சிகள் பற்றிய அவருடைய நூல் அந்த உரையாடலில் விளைந்தது. இன்றுவரை மனம் உடல் பற்றிய பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் பலர் எலிசபெத்தின் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வி பிறக்க ஒரே அறையில் இருவரும் உட்கார வேண்டியிருக்கவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் கவனமாகப் படித்தார், ஒப்ப முடியாத இடத்தைத் தயங்காமல் சொன்னார், மறுக்கப்பட்டவர் அதற்கு மதிப்புக் கொடுத்துப் பதில் எழுதினார். அது போதுமானதாக இருந்தது.

நாம் என்ன செய்தோம்? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வகுப்புகள் திரைக்கு மாறின, கூடவே கருத்தரங்குகளும். தொடக்கத்தில் அதில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. எட்ட முடியாத பேராசிரியர்களின் உரையை வீட்டிலிருந்தே கேட்க முடிந்தது. சில மாதங்களில் அது வேறொன்றாக மாறிவிட்டது. வாட்ஸ்அப் குழுக்களில் நாளுக்கு நாலு வண்ணச் சுவரொட்டிகள், மேலே கல்லூரித் தாளாளர் முதல் துறைத்தலைவர் வரை வட்ட வட்டமாகப் படங்கள், கீழே ‘பதிவுக் கட்டணம் இல்லை, அனைவருக்கும் மின் சான்றிதழ்’. நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் என்றால் வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம் என்று நாற்பது நிமிடம் போய்விடும். சிறப்புரை நேரம் தாண்டும். ‘நேரமின்மை காரணமாகக் கேள்விகளை அரட்டைப் பெட்டியில் பதிவிடுங்கள்’ என்று அறிவிப்பு வரும். அதே பெட்டியில் பின்னூட்டப் படிவத்தின் இணைப்பு விழும். அடுத்த நிமிடம் இருநூறு பேர் இருந்த அரங்கில் இருபது பேர் மிஞ்சுவார்கள். படிவத்தை நிரப்பியவருக்குச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிடும்.

இதற்காக ஆய்வாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதிகள் அவர்களை அங்கே தள்ளின. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வெளியாகியிருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்குகளிலாவது கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்று மானியக் குழுவின் 2016 விதிமுறைகள் கட்டாயமாக்கியிருந்தன. 2022-இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது, பழக்கம் நீங்கவில்லை. ஆசிரியர்கள் பக்கமும் இதே கதைதான். 2018 விதிமுறைகளின்படி வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கில் உரையாற்றினால் 7 மதிப்பெண், உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்குக்கு 5, தேசிய அளவுக்கு 3, மாநில அளவுக்கு 2. நம் இணையவழி நிகழ்ச்சிகள் எல்லாமே ஏன் ‘பன்னாட்டு’ என்ற அடைமொழியோடு வருகின்றன, சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஒருவர் ஏன் தவறாமல் வாழ்த்துரைக்கு அழைக்கப்படுகிறார் என்பதற்கு இந்த அட்டவணையில் விடை இருக்கிறது. கேட்கப்பட்ட கேள்விக்கு இந்த அட்டவணையில் மதிப்பெண் கிடையாது. ஒருவருடைய கட்டுரையை முழுதாகப் படித்து இரண்டு பக்கம் மறுப்பு எழுதிக் கொடுத்தவருக்கும் கிடையாது.

வேறு விதமாக நடக்கும் ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். ஆய்வு மாணவர்கள் சிலர் தாங்களே சேர்ந்து, எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாமல், மாதம் இருமுறை நடத்தும் இணையக் கூடுகை அது. பத்துப் பன்னிரண்டு பேர்தான். கட்டுரை ஒரு வாரம் முன்பே பிடிஎஃப் வடிவில் எல்லோருக்கும் வந்துவிடும். கூட்டத்தில் கட்டுரையை வாசிப்பதில்லை, எல்லோரும் படித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறார்கள். எழுதியவர் முதலில் பேசுவதும் இல்லை. வேறொருவர் அந்தக் கட்டுரையின் வாதத்தைத் தம் சொற்களில் பத்து நிமிடம் எடுத்துச் சொல்கிறார். அது சரிதானா என்று எழுதியவரிடம் கேட்கிறார்கள். அவர் சரி என்ற பிறகே மறுப்புகள் தொடங்குகின்றன.

ஒருநாள் மாலை விவாதத்துக்கு வந்த கட்டுரை இன்மையை நாம் எப்படி அறிகிறோம் என்பது பற்றியது. மேசை மேல் குடம் இல்லை என்று தெரிகிறது. கண்ணுக்குத் தெரிவது வெறும் மேசைதான். ‘இல்லை’ என்பதை எந்தக் கருவியால் அறிந்தோம்? குமாரிலரின் வழிவந்த மீமாம்சகர்களும் அத்வைதிகளும் இதற்கு அனுபலப்தி என்று தனி அளவை ஒன்றைச் சொல்கிறார்கள். நியாய மரபினருக்கு இன்மை உண்மையான ஒரு பொருள்வகை, ஆனால் அதை அறியத் தனி அளவை வேண்டாம், காட்சியே போதும். பிரபாகரர் வழியினர் ஒரு படி மேலே போய், வெறும் மேசையைத் தவிர இன்மை என்று தனியே எதுவும் இல்லை என்றே சொல்லிவிடுவார்கள். பௌத்தரான தர்மகீர்த்திக்கு அது அனுமானத்தில் ஒரு வகை. கட்டுரை எழுதிய பெண் அத்வைதிகளின் பக்கம் நின்றார். தீரேந்திர மோகன் தத்தர் 1932-இல் எழுதிய ஆறு அளவைகள் பற்றிய நூலைப் பெரிதும் சார்ந்திருந்தார்.

முதல் மறுப்பு எளிதாகத் தோன்றியது. இருட்டறையில் குடம் கண்ணுக்குப் படவில்லை, அதனால் குடம் இல்லை என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். எழுதியவர் தயாராகத்தான் இருந்தார். இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற தகுதி உள்ள இடத்தில்தான் தெரியாமை அளவையாகும் என்றார். மரபு சொல்லும் விடை அதுதான். கேட்டவர் அங்கேயே பிடித்துக்கொண்டார். ‘இருந்திருந்தால் தெரிந்திருக்கும்’ என்பதை எப்படி அறிந்தீர்கள்? அது ஓர் அனுமானம் இல்லையா? அனுமானத்தின் துணை இல்லாமல் உங்கள் அளவை நிற்காது என்றால் அது எப்படித் தனி அளவை ஆகும்? திரையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. எழுதியவர், ‘இதற்கு இப்ப என்கிட்ட பதில் இல்ல, அடுத்த முறை சொல்றேன்’ என்றார். பெரிய மேடைகளில் இந்த வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை.

அதுவரை பேசாமல் இருந்த ஒருவர் மைக்கைத் திறந்தார். தமிழ் இலக்கியம் படித்துவிட்டுத் தத்துவ ஆய்வுக்கு வந்தவர். மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைகளின் பட்டியல் வருகிறது, இன்மை என்னும் அபாவமும் அதில் ஒன்று, வியாசர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார் என்று அந்தக் காப்பியமே கணக்குச் சொல்கிறது என்றார். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அபாவத்தையும் மற்றவற்றையும் பெயர் சொல்லி எண்ணிவிட்டு, எல்லாவற்றையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குவதையும் எடுத்துக்காட்டினார். நீங்கள் வடமொழி நூல்களில் தேடிக்கொண்டிருக்கும் எதிர்வாதம் தமிழில் 13-ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது, அருணந்தி எந்தக் காரணத்தால் அடக்கினார் என்று பார்த்தால் உங்கள் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் மாறும் என்றார். அவர் பேசி முடித்ததும் கட்டுரையாளர் பாடல் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கட்டுரையாளர் இருந்த ஊருக்கும் இவர் இருந்த ஊருக்கும் இடையே ஓர் இரவு முழுக்க ரயில் பயணம். இணையம் இல்லாவிட்டால் அவர்கள் சந்தித்திருக்கவே மாட்டார்கள்.

எதிராளியின் வாதத்தை அவரே ஒப்பும்படி முதலில் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பது நமக்குப் பழகிய வழிதான். சிவஞான சித்தியாரே பரபக்கம் என்று ஒரு பகுதி முழுவதையும் பிறர் மதங்களுக்கு ஒதுக்கிவிட்டுத்தான் தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறது. 1983-இல் தத்துவ அறிஞர் தயா கிருஷ்ணாவும் நண்பர்களும் புனேயில் நியாயப் பண்டிதர்களையும் மேலைத் தத்துவம் படித்தவர்களையும் ஒன்றாக உட்கார வைத்தபோது, ரஸ்ஸலின் கருத்துகளைச் சம்ஸ்கிருதத்தில் ஆக்கிப் பண்டிதர்கள் முன் வைத்தார்கள். ஒருவர் மொழியில் மற்றவரின் வாதம் முழுமையாகச் சொல்லப்பட்ட பிறகுதான் விவாதம் நடந்தது. அந்தப் பதிவு 1991-இல் நூலாக வந்தது. கூட்டத்துக்கு முந்தைய உழைப்புதான் அந்தச் சந்திப்பின் உயிர். அந்த உழைப்புக்கு இணையம் தடையில்லை, சொல்லப்போனால் துணை.

செலவுக் கணக்கையும் பார்க்க வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுகிறவருக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. அது கிடைப்பவர்கள் சிலர்தான். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை இல்லாதவருக்கு 8,000 ரூபாய். மாநிலக் கல்லூரிகளில் பதிவு செய்த பலருக்கு அதுவும் இல்லை. உலகத் தத்துவ மாநாடு 2018-இல் பெய்ஜிங்கிலும் 2024-இல் ரோமிலும் நடந்தது. விமானக் கட்டணம், விசா, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் இவர்களுக்கு அது எட்டாக் கனி. 1925-இல் தாகூர் தலைமையில் கல்கத்தாவில் முதன்முதலாகக் கூடிய இந்தியத் தத்துவ காங்கிரசின் ஆண்டு அமர்வுக்கு வடக்கே போய் வருவதற்கே ஒரு மாத வருமானம் கரைந்துவிடும். பெண் ஆய்வாளர்களுக்குப் பணத்தோடு வேறு கணக்குகளும் உண்டு. கைக்குழந்தையை யாரிடம் விடுவது, இரவுப் பயணத்துக்கு வீட்டில் என்ன சொல்வார்கள் என்பவை அவை. இரவு எட்டு மணிக்குச் சமையலறையை ஒட்டிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற பெண்கள் இந்தக் கூடுகைகளில் இருக்கிறார்கள். நேரடிக் கருத்தரங்குகளில் அவர்களை நான் பார்ப்பதில்லை.

திரையில் கிடைக்காதவையும் உண்டு. அமர்வு முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது மூத்தவர் ஒருவர் தனியாகச் சொல்லும் யோசனை, கரும்பலகையில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்து எழுதுவது, இவை அங்கே இல்லை. மகாராஷ்டிரத்தின் அமல்நேரில் 1916-இல் பிரதாப் சேட் நிறுவிய தத்துவ நிலையத்தில் ஆய்வாளர்கள் ஒன்றாகத் தங்கி நாள்தோறும் வாதிட்டார்கள். மல்கானி, ராஸ் பிகாரி தாஸ், டி.ஆர்.வி. மூர்த்தி ஆகிய மூவரும் அஞ்ஞானம் என்ற ஒரே பொருளை எடுத்து ஆளுக்கொரு நிலையில் நின்று எழுதி 1933-இல் ஒரே நூலாக வெளியிட்டார்கள். கூடி வாழ்வதை இணையம் தராது. ஆனால் மூன்று பேர் ஒரே பொருளை எடுத்து ஒருவரையொருவர் மறுத்து எழுதும் அந்த முறையை நாளைக்கே இணையத்தில் தொடங்கலாம், அதற்கு விடுதி தேவையில்லை.

மொழி பற்றி நான் பிடிவாதமாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. தமிழ் வழியில் படித்து வந்த ஆய்வாளர் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதிவிடுவார், அகராதியும் நேரமும் அவருக்குத் துணை நிற்கும். விவாதத்தில் அந்த நேரம் இல்லை. மறுப்பு மனத்தில் தமிழில் எழுகிறது, அதை ஆங்கிலத்தில் அடுக்குவதற்குள் பேச்சு வேறிடத்துக்குப் போய்விடுகிறது. அவர் வாய் மூடியே இருந்துவிடுகிறார், மற்றவர்கள் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். நான் சொன்ன கூடுகையில் யாரும் எந்த மொழியிலும் கேட்கலாம், தேவைப்பட்டால் பக்கத்தில் ஒருவர் பெயர்த்துச் சொல்கிறார். மணிமேகலையைச் சுட்டியவர் பேசியது முழுக்கத் தமிழில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் துறை இருக்கிறது, அங்கே இந்தப் பாடத்தைத் தமிழில் படித்தவர்களும் தமிழில் கற்பிப்பவர்களும் இருக்கிறார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஆய்வாளர்கள் அவர்களோடு ஒரு திரையில் உட்கார்ந்து வாதிடுவதற்கு மின் கட்டணத்தைத் தவிர வேறு செலவு என்ன இருக்கிறது? இதுவரை ஏன் வழக்கமாக அது நடக்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

மூலநூல்கள் கைக்கு எட்டாத காலமும் மாறி வருகிறது. ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் 1995 முதல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் சுமார் 13,000 ஆய்விதழ்களைப் படிக்க அது வழி செய்கிறது. பிறர் எழுதிய ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. படிக்கக் கிடைப்பது பெருகியிருக்கிறது, படித்ததை வைத்து வாதிடும் இடம் பெருகவில்லை.

இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. சூமின் இலவசக் கணக்கு நாற்பது நிமிடத்தில் துண்டிக்கப்பட்டுவிடும் என்பதால் மாணவர்கள் இரண்டு முறை இணைப்பு அனுப்பித் திண்டாடுகிறார்கள். பல்கலைக்கழகங்கள் கட்டணம் செலுத்தி வாங்கிய கணக்குகள் பெரும்பாலான மாலைகளில் சும்மா கிடக்கின்றன. ஆய்வாளர்கள் கேட்டால் துறைத்தலைவர் அவற்றைத் திறந்துவிடலாம். பருவத்துக்கு ஒரு கட்டுரையை முன்கூட்டிக் கொடுத்து விவாதத்துக்கு உட்படுத்துவதையும், பிறர் கட்டுரைகள் இரண்டுக்கு எழுத்தில் மறுப்புத் தருவதையும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னேற்ற அறிக்கையில் கேட்கலாம். அதற்கு மானியக் குழுவின் புது விதி எதுவும் தேவையில்லை, குழுவின் உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டால் போதும். 1977-இல் நிறுவப்பட்ட இந்தியத் தத்துவ ஆய்வுக் கழகம் கருத்தரங்குகளுக்கு நிதி தருகிறது. அந்த நிதியில் ஒரு பகுதியை மாணவர்களே நடத்தும் சிறு இணையக் கூடுகைகளுக்கும் தமிழிலும் பிற மொழிகளிலும் நடக்கும் விவாதங்களுக்கும் ஒதுக்கச் சொல்லி நம் துறைகள் கூட்டாக எழுதிக் கேட்கலாம். மூத்த பேராசிரியர்கள் செய்யக்கூடிய உதவி இன்னும் எளிது. ஆய்வாளர்கள் தங்கள் கேள்விகளைக் கேட்டு முடிக்கும் வரை மைக்கை அணைத்து வைத்திருங்கள்.

அனுபலப்தி பற்றி எழுதிய அந்தப் பெண் இரண்டு கூட்டங்கள் கழித்துத் திரும்ப வந்தார். இருட்டறைக் கேள்விக்கு எட்டுப் பக்கத்தில் பதில் எழுதியிருந்தார். அத்வைதிகளின் நிலையை விட்டுவிடவில்லை, ஆனால் அருணந்தியின் வாதத்துக்கு ஆய்வேட்டில் தனியாக ஓர் இயல் சேர்த்திருந்தார். கேள்வி கேட்டவர் அதையும் படித்துவிட்டு வந்திருந்தார், அவருக்கு இன்னும் திருப்தியில்லை. அன்றும் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள், அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள்.